பைத்தானில் ஃபங்ஷன் பெயர்கள் மோதும்போது: அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது

ஃபங்ஷனை வரி வரியாகப் படித்தாலும் தப்பு எதுவும் தெரியவில்லை. ஓட்டினால் எரர் வருகிறது. அல்லது எரர் வராமலே தப்பான விடை வருகிறது. பைத்தானில் இந்த நிலைமை வந்தால் ஃபங்ஷனுக்குள் தேடுவதை நிறுத்திவிட்டு அதன் பெயரைச் சந்தேகப்படுங்கள்.

காரணம் எளிது. பைத்தானில் `டெஃப்` என்பது ஓடக்கூடிய ஒரு கட்டளை. அந்த வரி ஓடும்போது ஃபங்ஷன் உருவாகிறது, நாம் கொடுத்த பெயர் அதற்குச் சூட்டப்படுகிறது. `மொத்தம் = 5` என்று எழுதினாலும் நடப்பது இதேதான். ஃபங்ஷன்களுக்கு ஒரு பட்டியல், மாறிகளுக்கு வேறு பட்டியல் என்று பைத்தான் வைத்துக்கொள்வதில்லை. ஒரு ஸ்கோப்பில் (பெயர் செல்லுபடியாகும் எல்லையில்) ஒரு பெயருக்கு ஒரு நேரத்தில் ஒரே பொருள். கடைசியாக யார் சூட்டினார்களோ அதுதான் நிற்கும். பெயரைத் தேடும்போது முதலில் ஃபங்ஷனின் உள்ளே, பிறகு அதைச் சுற்றியுள்ள ஃபங்ஷன், பிறகு ஃபைல் அளவிலான குளோபல், கடைசியில் பில்ட்-இன் (பைத்தானோடு கூடவே வரும் பெயர்கள்) என்று இந்த வரிசையில் போகும். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். கீழே வரும் எல்லாச் சிக்கல்களும் இந்த இரண்டு விதிகளிலிருந்து கிளைத்தவைதான்.

இங்கே கட்டளைச் சொற்களையும் பிழைச் செய்திகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உங்கள் எடிட்டரில் அவற்றை வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். மொத்தம், சராசரி போன்ற நாமே வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

## எதற்கும் முன்னால் செய்யவேண்டியது

எரர் வரும் வரிக்கு நேர் மேலே அந்தப் பெயரையே அச்சிட்டுப் பாருங்கள். அடைப்புக்குறி போட்டுக் கூப்பிட வேண்டாம், பெயர் மட்டும் போதும்.

```
பிரிண்ட்(மொத்தம்)
பிரிண்ட்(மொத்தம்.__மாட்யூல்__)
பிரிண்ட்(மொத்தம்.__கோட்__.கோ_ஃபர்ஸ்ட்லைன்னோ)
```

முதல் வரியில் ஃபங்ஷன் என்று வருகிறதா, அல்லது ஒரு எண்ணோ லிஸ்ட்டோ வருகிறதா என்று பாருங்கள். எண் வந்தால் பாதி வேலை முடிந்தது: யாரோ அந்தப் பெயருக்கு வேறு பொருளைச் சூட்டிவிட்டார்கள். ஃபங்ஷன்தான் என்றால் அது எந்த மாட்யூலில் இருந்து வந்தது என்று இரண்டாம் வரி சொல்லும். அது எந்த வரியில் எழுதப்பட்டது என்று மூன்றாம் வரி சொல்லும். நீங்கள் 20-ஆம் வரியில் எழுதிய ஃபங்ஷனுக்கு 145 என்று விடை வந்தால் 145-ஆம் வரிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே அதே பெயரில் இன்னொன்று இருக்கும். பில்ட்-இன் ஃபங்ஷன்களுக்கு மட்டும் மூன்றாம் வரி வேலை செய்யாது.

## அறிகுறி: “ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்”

அடிக்கடி வருவது இதுதான்: இந்தப் பொருளை ஃபங்ஷன்போல் கூப்பிட முடியாது என்கிறது பைத்தான். இதில் எந்த வகைப் பொருளின் பெயர் வருகிறது என்பதைக் கவனித்தால் காரணம் கிட்டத்தட்டப் பிடிபட்டுவிடும்.

`இன்ட்`, `லிஸ்ட்`, `எஸ்டிஆர்` என்று வந்தால், பில்ட்-இன் பெயர் ஒன்றை மாறியாகப் பயன்படுத்தியிருக்க வாய்ப்பு அதிகம்.

```
மதிப்பெண்கள் = [78, 91, 64]
சம் = 0
ஃபார் ம இன் மதிப்பெண்கள்:
    சம் = சம் + ம

பிரிண்ட்(சம்([10, 20]))
டைப்எரர்: 'இன்ட்' ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்
```

கூட்டுத்தொகை தரும் பில்ட்-இன் `சம்` எங்கும் போய்விடவில்லை. நாம் குளோபலில் வைத்த 233 அதன் முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான். மாறியின் பெயரை மாற்றினால் சரியாகிவிடும். நோட்புக்கிலோ இன்டராக்டிவ் ஷெல்லிலோ இருந்தால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது, பழைய மதிப்பு நினைவில் தங்கியிருக்கும். `டெல் சம்` என்று ஒரு வரி ஓட்டுங்கள். குளோபல் பெயர் போய், அடியிலிருந்த பில்ட்-இன் மறுபடி தெரியும்.

முதல் தடவை ஓடி, இரண்டாம் தடவை மட்டும் இந்த எரர் வருகிறதா? `மொத்தம் = மொத்தம்(மதிப்பெண்கள்)` என்பது போன்ற வரி இருக்கும், தேடுங்கள். முதல் ஓட்டத்தில் ஃபங்ஷன் கூப்பிடப்பட்டு, அதன் விடை அதே பெயரில் உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த தடவை கூப்பிட ஃபங்ஷன் இல்லை, எண்தான் இருக்கிறது. விடைக்கு வேறு பெயர் வையுங்கள்.

கிளாஸுக்குள் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். `செல்ஃப்.பெயர் = பெயர்` என்று வைத்துவிட்டு, அதே கிளாஸில் `டெஃப் பெயர்(செல்ஃப்)` என்றும் எழுதினால், மாணவர்.பெயர்() என்று கூப்பிடும்போது மதிப்புதான் முதலில் கிடைக்கும், மெத்தட் கிடைக்காது. மதிப்பை `_பெயர்` என்று வைத்து, மெத்தடுக்கு மேலே `@ப்ராபர்ட்டி` போட்டால் அடைப்புக்குறி இல்லாமலே மாணவர்.பெயர் என்று எழுதலாம். என் கணிப்பில் இதுதான் சுத்தமான வழி.

தாய் கிளாஸோடு மோதுவது இன்னும் பிடிபடாதது. திரெடிங் மாட்யூலின் `திரெட்` கிளாஸை விரிவாக்கி, நிறுத்தும் சைகைக்காக `செல்ஃப்._ஸ்டாப் = ஈவென்ட்()` என்று பலர் எழுதுவார்கள். பைத்தான் 3-இன் பல பதிப்புகளில் `திரெட்` கிளாஸுக்குள்ளேயே `_ஸ்டாப்` என்ற மெத்தட் இருந்தது. திரெட் முடிந்து `ஜாயின்` செய்யும்போது, 'ஈவென்ட்' ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள் என்று நாம் எழுதாத ஒரு வரியில் எரர் வரும். ட்ரேஸ்பேக்கின் (எரர் வந்த வழியைக் காட்டும் பட்டியலின்) கடைசி வரி பைத்தானின் சொந்த ஃபைலைக் காட்டினால், தாய் கிளாஸின் பெயர் எதையாவது மிதித்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். `நிறுத்தும்_சைகை` என்று வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை.

`மாட்யூல்` ஆப்ஜெக்ட் காலபிள் இல்லை என்று வந்தால், மாட்யூலுக்கும் அதனுள் இருக்கும் ஃபங்ஷனுக்கும் ஒரே பெயர். `இம்போர்ட் பிபிரிண்ட்` போட்டுவிட்டு பிபிரிண்ட்(அட்டவணை) என்று கூப்பிட்டால் இதுதான் நடக்கும். பிபிரிண்ட்.பிபிரிண்ட் என்று கூப்பிடுங்கள், அல்லது `ஃப்ரம் பிபிரிண்ட் இம்போர்ட் பிபிரிண்ட்` என்று எடுங்கள். `டேட்டைம்` மாட்யூலிலும் இதே கதைதான். ஒரு ஃபைலில் இரண்டு வகை இம்போர்ட்டும் கலந்திருந்தால், பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும்.

## அறிகுறி: நான் கொடுத்த ஆர்கியுமென்ட் சரி, எண்ணிக்கை தப்பு என்கிறது

“மிஸ்ஸிங் 1 ரிக்வயர்ட் பொசிஷனல் ஆர்கியுமென்ட்” அல்லது “டேக்ஸ் 1 பொசிஷனல் ஆர்கியுமென்ட் பட் 2 வேர் கிவன்”. ஃபங்ஷனைப் பார்த்தால் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் பைத்தான் வேறொரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது.

ஜாவாவிலிருந்தோ சி++ இலிருந்தோ வருபவர்களுக்கு இது நிச்சயம் ஒரு தடவையாவது நடக்கும். அங்கே ஒரே பெயரில், ஆர்கியுமென்ட் வேறுபட்டால் இரண்டு ஃபங்ஷன் வைக்கலாம். பைத்தானில் `டெஃப் பரப்பு(பக்கம்)` என்று ஒன்றும், கீழே `டெஃப் பரப்பு(நீளம், அகலம்)` என்று இன்னொன்றும் எழுதினால் இரண்டாவது மட்டும்தான் மிஞ்சும். எச்சரிக்கை எதுவும் வராது.

`டெஃப் பரப்பு(நீளம், அகலம்=நன்)` என்று ஒரே ஃபங்ஷனாக எழுதி, அகலம் தரப்படவில்லை என்றால் நீளத்தையே எடுத்துக்கொள்வது ஒரு வழி. ஆனால் இரண்டின் வேலையும் உண்மையில் வேறு என்றால் `சதுரப்_பரப்பு`, `செவ்வகப்_பரப்பு` என்று தனிப் பெயர் வைப்பதே மேல். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் அதுதான் புரியும். ஆர்கியுமென்ட்டின் வகையைப் பார்த்துப் பிரிக்க வேண்டுமானால் 3.4 பதிப்பில் வந்த `ஃபங்டூல்ஸ்.சிங்கிள்டிஸ்பாட்ச்` இருக்கிறது. அது முதல் ஆர்கியுமென்ட்டின் வகையை மட்டும்தான் பார்க்கும்.

ஒரே பெயரை இரண்டு தடவை எழுதுவதே சரியாக இருக்கும் இடமும் உண்டு. `@ப்ராபர்ட்டி` வைத்த மெத்தடுக்கு செட்டர் (மதிப்பை மாற்றும் மெத்தட்) எழுதும்போது அதே பெயரைத்தான் வைக்க வேண்டும். அதைப் பார்த்துப் பயந்து பெயரை மாற்றிவிடாதீர்கள்.

## அறிகுறி: எரர் இல்லை, ஆனால் விடை தப்பு

மேலே உள்ளவை சத்தம் போடும். இவை போடாது, அதனால்தான் இவற்றுக்கு அதிகக் கவனம் தேவை.

முதலில் நட்சத்திர இம்போர்ட், அதாவது ஒரு மாட்யூலின் பெயர்களை மொத்தமாக இழுப்பது. நம்பை என்பது எண் கணக்குகளுக்கான நூலகம். `ஃப்ரம் நம்பை இம்போர்ட் *` என்ற ஒரு வரி போதும்:

```
சம்(ரேஞ்ச்(5), -1)
```

பில்ட்-இன் `சம்` இதற்கு 9 தரும். 0 முதல் 4 வரை கூட்டினால் 10. இரண்டாம் ஆர்கியுமென்ட் தொடக்க மதிப்பு என்பதால் ஒன்று குறையும். நம்பையின் `சம்` தருவது 10. அங்கே இரண்டாம் ஆர்கியுமென்ட் என்பது எந்த அச்சில் கூட்டுவது என்ற தகவல். இரண்டுமே முறையான விடைகள், எந்த எரரும் வராது. `மேத்` மாட்யூலை நட்சத்திரத்தோடு எடுத்தால் பவ்(2, 3) என்பது 8-க்குப் பதில் 8.0 தரும். மிகப் பெரிய முழு எண்களில் துல்லியமும் போய்விடும். `ஓஎஸ்` மாட்யூலை அப்படி எடுத்தால் ஃபைல் திறக்கும் `ஓப்பன்` மாறிவிடும். ஓஎஸ்ஸில் உள்ள `ஓப்பன்` கட்டாயமாக இரண்டாம் ஆர்கியுமென்ட் கேட்கும், அது வேறு வேலைக்கானது. பைத்தானின் அதிகாரபூர்வப் பயிற்சி ஆவணமே இந்த ஓஎஸ் உதாரணத்தைச் சொல்லி எச்சரிக்கிறது. `இம்போர்ட் நம்பை ஆஸ் என்பி` என்று எடுத்து, என்பி.சம் என்று எழுதுங்கள். இரண்டு எழுத்து கூடுதல், தூக்கம் நிச்சயம்.

இரண்டாவது, டெஸ்ட் ஃபைல். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு டெஸ்ட்டை காப்பி செய்து ஒட்டி, உள்ளே மாற்றிவிட்டு, பெயரை மாற்ற மறந்தால் முதல் டெஸ்ட் இனி ஓடவே ஓடாது. டெஸ்ட்களை ஓட்டும் கருவியான பைடெஸ்ட் பச்சை காட்டும். அந்த டெஸ்ட் பாதுகாத்துக்கொண்டிருந்த கோடு (நிரல்) உடைந்தாலும் பச்சைதான் காட்டும். நீங்கள் எழுதிய டெஸ்ட்களின் எண்ணிக்கையும் பைடெஸ்ட் “பாஸ்டு” என்று காட்டும் எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

## அறிகுறி: “மாட்யூல் ஹேஸ் நோ ஆட்ரிபியூட்”

`ரேண்டம்` மாட்யூலில் `ரேண்டின்ட்` இல்லை என்கிறது. அது இல்லாமல் இருக்க வழியே இல்லை. அப்படியானால் இம்போர்ட் ஆனது வேறு `ரேண்டம்`.

பிரிண்ட்(ரேண்டம்.__ஃபைல்__) போட்டுப் பாருங்கள். உங்கள் சொந்த ஃபோல்டரின் பாதை வந்தால், நீங்கள் பயிற்சிக்காக எழுதிய ஃபைலுக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறீர்கள். நீங்கள் ஓட்டும் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத்தான் பைத்தான் முதலில் தேடும். ஃபைலின் பெயரை மாற்றினால் முடிந்தது. பைத்தான் 3.13 முதல் பிழைச் செய்தியே, இந்த ஃபைலின் பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பாதையோடு சொல்லிவிடுகிறது. பழைய பதிப்புகளில் “சர்க்குலர் இம்போர்ட்” என்று சொல்லித் திசை திருப்பும்.

## அறிகுறி: “அன்பவுண்ட்லோக்கல்எரர்”

```
டெஃப் அறிக்கை(மதிப்பெண்கள்):
    மொத்தம் = மொத்தம்(மதிப்பெண்கள்)
    ரிட்டர்ன் மொத்தம்
```

ஒரு ஃபங்ஷனுக்குள் எந்த இடத்திலாவது ஒரு பெயருக்கு மதிப்பு சூட்டினால், அந்த ஃபங்ஷன் முழுவதும் அது உள்ளூர்ப் பெயராகிவிடும். வலது பக்கத்தில் இருக்கும் `மொத்தம்` வெளியே உள்ள ஃபங்ஷனைத் தேடாது. இன்னும் மதிப்பே வராத உள்ளூர் மாறியைத் தேடும். 3.11 பதிப்பிலிருந்து இந்தச் செய்தியின் வாசகம் மாறிவிட்டது, அர்த்தம் மாறவில்லை.

இதற்கு `குளோபல் மொத்தம்` என்று ஒரு வரி சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. சேர்க்காதீர்கள். எரர் போய்விடும், ஆனால் முதல் அழைப்பிலேயே வெளியே இருக்கும் ஃபங்ஷனை எண் அழித்துவிடும். அடுத்த அழைப்பில் “நாட் காலபிள்” வந்து நிற்கும். உள் மாறிக்கு `கூட்டல்` என்று பெயர் வையுங்கள்.

## அறிகுறி: ஃப்ளாஸ்க்கில் “ஓவர்ரைட்டிங் ஆன் எக்ஸிஸ்டிங் எண்ட்பாயின்ட்”

இரண்டு பக்கங்களுக்கான ஃபங்ஷன் பெயர்கள் வேறு வேறாகத்தான் இருக்கின்றன. ஆனால் செய்தியின் கடைசியில் `ராப்பர்` என்று வருகிறது, நீங்கள் அப்படிப் பெயரே வைக்கவில்லை. இணையதளம் கட்ட உதவும் ஃப்ளாஸ்க், ஒவ்வொரு பக்கத்தையும் ஃபங்ஷனின் `__நேம்__` மதிப்பை வைத்துப் பதிகிறது. லாகின் சரிபார்ப்புக்கு நீங்கள் எழுதிய டெகரேட்டர் (ஒரு ஃபங்ஷனைச் சுற்றி இன்னொன்றைப் போர்த்துவது), உள்ளே `ராப்பர்` என்ற ஃபங்ஷனைத் திருப்பித் தருகிறது. அந்த டெகரேட்டர் போட்ட எல்லாப் பக்கங்களின் பெயரும் ராப்பர் ஆகிவிட்டது. டெகரேட்டருக்குள், ராப்பரின் தலைமேல் `@ஃபங்டூல்ஸ்.ராப்ஸ்(ஃபங்ஷன்)` என்று ஒரு வரி சேர்த்தால் அசல் பெயர் கைமாறும். சிக்கல் தீர்ந்தது.

## அறிகுறி: `டெஃப்` வரியிலேயே “சின்டாக்ஸ்எரர்”

பைத்தானின் ஒதுக்கப்பட்ட சொல்லைப் பெயராக வைத்திருக்கிறீர்கள். `கிளாஸ்`, `லாம்டா`, `பாஸ்` போன்றவை எல்லோருக்கும் தெரியும். `அசிங்க்` 3.7 பதிப்பில்தான் முழுதாக ஒதுக்கப்பட்டது, அதனால் பழைய கோடு புதிய பைத்தானில் இந்த இடத்தில் விழும். பெயரின் கடைசியில் ஒரு அடிக்கோடு சேர்ப்பதுதான் பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 சொல்லும் வழக்கம்.

## அறிகுறி: தமிழில் பெயர் வைத்தேன், இருப்பதை இல்லை என்கிறது

பெப் 3131 என்ற முன்மொழிவு வழியாக, 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 முதல், தமிழில் ஃபங்ஷன் பெயர் வைக்கலாம். குழந்தைகளுக்குச் சொல்லித்தரும்போது இதன் அருமை தெரியும். ஆனால் தமிழ் எழுத்து கணினியில் சேமிக்கப்படும் விதத்தால் இரண்டு எதிரெதிர்ச் சிக்கல்கள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகள் இவற்றைத் தொடுவதில்லை.

ஒன்று: கண்ணுக்கு ஒன்று, பைத்தானுக்கு இரண்டு. “கௌரவம்” என்று ஒரு இடத்திலும் “கெளரவம்” என்று இன்னோர் இடத்திலும் அடித்திருப்பீர்கள். முதலாவதில் ஔகாரக் குறி ஒரே எழுத்து. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் ‘ள’ என்ற முழு எழுத்தும். பல எழுத்துருக்களில் இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. பைத்தானுக்கு இவை வேறு வேறு பெயர்கள், ஆகவே “நேம்எரர்”. 3.10 முதல் வந்த பதிப்புகளில், இதைச் சொல்ல வந்தீர்களா என்று பரிந்துரையும் வரக்கூடும். கேட்ட பெயரும் பரிந்துரைத்த பெயரும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். எழுத்துகளின் எண்ணைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்:

```
[ஆர்ட்(எ) ஃபார் எ இன் "கௌ"]   →  [2965, 3020]
[ஆர்ட்(எ) ஃபார் எ இன் "கெள"]   →  [2965, 3014, 2995]
```

‘ஸ்ரீ’யும் இப்படித்தான். ஸகரத்தில் தொடங்கினால் 3000, ஶகரத்தில் தொடங்கினால் 2998, உருவம் ஒன்றே. ஒருவர் கணினியிலும் மற்றொருவர் கைப்பேசியிலும் அடித்த கோடு ஒன்று சேரும்போது இது எளிதில் நுழைந்துவிடும். ஒரு பெயரை முதலில் அடித்த இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டுவதே பத்திரமான பழக்கம்.

இரண்டு: கண்ணுக்கும் எடிட்டருக்கும் இரண்டாக இருக்கலாம், பைத்தானுக்கு ஒன்று. “மொ” என்பதை ம, ஒகரக் குறி 3018 என்று இரண்டு எழுத்தாகவும் சேமிக்கலாம். ம, ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று மூன்றாகவும் சேமிக்கலாம். கோடைப் படிக்கும்போது பைத்தான் பெயர்களை யூனிகோடின் என்எஃப்கேசி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதால் இரண்டும் ஒரே பெயராகிவிடும். இதன் விளைவாக, இரண்டு விதமாகவும் `டெஃப் மொத்தம்` எழுதப்பட்டிருந்தால் பின்னது முன்னதை அழிக்கும். எடிட்டரில் தேடினால் ஒன்று மட்டும் அகப்படலாம், மற்றொன்று அகப்படாமல் போகலாம்.

இந்த மாற்றம் பெயர்களுக்கு மட்டும்தான், மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களுக்குக் கிடையாது. `கெட்ஆட்ர்(கணக்கு, "மொத்தம்")` என்று சரத்தைக் கொடுத்து ஃபங்ஷனை எடுக்கும்போது, சரம் மூன்றெழுத்து வடிவில் இருந்தால் “ஆட்ரிபியூட்எரர்” வரும். பயனர் அடித்த சொல்லையோ ஃபைலில் இருந்து படித்த சொல்லையோ வைத்து ஃபங்ஷனைத் தேடும் கோடு எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. தேடும் முன் `யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்("என்எஃப்கேசி", சொல்)` என்ற வழியாக அனுப்புங்கள். முதலில் சொன்ன கௌ, ஸ்ரீ சிக்கல்களுக்கு இது உதவாது; யூனிகோடைப் பொறுத்தவரை அவை வேறு வேறு எழுத்துகளே.

## அறிகுறி: நோட்புக்கில் ஓடுகிறது, வேறு எங்கும் ஓடவில்லை

ஜூப்பிட்டரில் ஒரு செல்லை அழித்தாலும் அது உருவாக்கிய ஃபங்ஷன் கெர்னலில் (பின்னணியில் ஓடும் பைத்தானில்) உயிரோடுதான் இருக்கும். பெயர் மாற்றிய பிறகும் பழைய பெயரில் கூப்பிடும் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். கெர்னலை மறுதொடக்கம் செய்து எல்லா செல்களையும் மேலிருந்து ஓட்டுங்கள். மற்றவருக்கு அனுப்பும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

## முன்கூட்டியே பிடிப்பது

ரஃப் என்ற சரிபார்ப்பானை நிறுவினால் இவற்றில் பாதியைக் கோடு ஓடும் முன்பே பிடித்துவிடும். ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருந்தால் எஃப்811, நட்சத்திர இம்போர்ட்டுக்கு எஃப்403. இவை கேட்காமலே வரும். பில்ட்-இன் பெயரை மறைத்தால் வரும் ஏ001 விதியை நாமே அமைப்பில் இயக்க வேண்டும், ‘ஏ’ தொகுதியைச் சேர்த்துவிடுங்கள். எஃப்811-க்கு ஒரு வரம்பு உண்டு. முதல் ஃபங்ஷன் நடுவில் ஒரு தடவை பயன்படுத்தப்பட்டிருந்தால், இரண்டாவது எழுதப்படும்போது அது வாய் திறக்காது. டெஸ்ட் ஃபங்ஷன்களை நாம் நேரடியாகக் கூப்பிடுவதில்லை என்பதால் அங்கே தவறாமல் பிடிக்கும்.

‘ஏ’ தொகுதியை இயக்கியவுடன் ஃபங்ஷன் ஆர்கியுமென்ட்டுக்கு `ஐடி` என்றோ `டைப்` என்றோ வைத்த இடங்களில் எல்லாம் ஏ002 என்று எச்சரிக்கை கொட்டும். அவற்றை எல்லாம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்தப் பெயர் அந்த ஃபங்ஷனை விட்டு வெளியே போகாது. உள்ளே பில்ட்-இன் தேவைப்படாதவரை கேடு இல்லை. ஏ002-ஐ மட்டும் விலக்கிவிட்டு, ஃபைல் அளவில் `லிஸ்ட்`, `சம்`, `இன்புட்` என்று பெயர் வைத்த இடங்களை முதலில் சரிசெய்யுங்கள்.